சுக்குநூறும் 45 நாளும்

2019 மார்ச் 27. மிஷன் சக்தி சோதனையில் நம்ம ஏவுகணை, நம்முடைய மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளையே அடித்தது. அன்று எங்கே திரும்பினாலும் காதில் விழுந்த உவமை, "தோட்டாவைத் தோட்டாவால அடிச்ச மாதிரி". குறி தப்பாததைச் சொல்ல அது சரி. அடிபட்ட உலோகத்துக்கு என்ன ஆச்சுன்னு புரிஞ்சுக்க அது உதவாது, திசை திருப்பும்.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஓசூர் பிரஸ் ஷாப்புக்கு வேலைக்குப் போறவங்களுக்குத் தெரியும்: தகட்டில் பஞ்ச் இறங்கினா ஓட்டை விழும், சில்லு கீழே போகும், ஓரத்தில் பிசிறு நிற்கும். துப்பாக்கித் தோட்டா துளைப்பதும் ஏறக்குறைய இந்த வகைதான். ஆனால் சக்தி மோதலின் வேகம் விநாடிக்குச் சுமார் 10 கி.மீ. அலுமினியத்துக்குள்ளே ஒலியே விநாடிக்கு 5, 6 கி.மீ. தான் போகும். வளையவோ விலகவோ உலோகத்துக்கு நேரமே கிடையாது. மோதின இடம் திரவம் மாதிரி நடந்துக்கும். கொஞ்சம் உருகும், ஆவியாகவும் போகும். அதிர்ச்சி அலை தகட்டின் பின்பக்கம் பட்டுத் திரும்பும்போது இழுவிசையாக மாறி, உள்ளிருந்தே செதில் செதிலாகப் பிய்க்கும். இந்த வேகத்தில் வரும் ஒரு கிலோ இரும்பின் ஆற்றல் சுமார் 12 கிலோ டிஎன்டிக்குச் சமம். தனியா வெடிமருந்து எதுக்கு?

இப்படித் தூளாகிற குணத்தையே 1947-ல் ஃப்ரெட் விப்பிள் கேடயமாக்கினார். முன்னால் மெல்லிய தகடு, நடுவில் இடைவெளி, பின்னால் சுவர். வருகிற துகள் முன் தகட்டிலேயே சிதறிப் பரவிவிடும், சுவர் தாங்கிக்கொள்ளும். விண்வெளி நிலையத்தில் இருப்பதும் இந்த யோசனைதான். ஆனா ஒரு சென்டிமீட்டர் அளவு வரைக்கும்தான் அதை நம்பலாம்.

அதனாலதான் அந்த "45 நாள்" பேச்சு எனக்கு உறுத்துது. சுமார் 300 கி.மீ. உயரத்தில் அடித்ததால் சிதறல்கள் 45 நாளில் விழுந்துவிடும் என்றது டிஆர்டிஓ. பெரும்பகுதிக்கு அது பொருந்தும். 2007-ல் 850 கி.மீ.க்கு மேலே அடித்து 3000-க்கும் அதிகமான துண்டுகளை விட்டுவைத்த சீனாவோடு ஒப்பிட்டா நாம பொறுப்பாகவே நடந்திருக்கோம். ஆனால் சிதறல் எல்லாத் திசையிலும் தெறிக்கும். முன்னோக்கி உந்தப்பட்ட துண்டின் பாதை ஒரு பக்கம் மேலே நீண்டுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் காற்றில் உரசும் நேரம் குறையும். 24 துண்டுகள் விண்வெளி நிலையத்தைவிட உயரம் போனதாக நாசா சொன்னது. ஒரு வருஷம் கழிச்சும் சில துண்டுகள் சுற்றிக்கிட்டுதான் இருந்தன. "பெரும்பாலானவை"ன்னு ஒரு வார்த்தை அன்னைக்கே சேர்த்திருக்கலாம்.