சிறைக்கு அப்பால்: ஒரு நூலும் ஓர் ஊரும்

சிறைச்சாலை மனித சமுதாயத்தோடு உடன்பிறந்த ஒன்றென்றே நம்மிற் பெரும்பாலார் எண்ணுகின்றனர். நீதிமன்று உள்ளவிடத்துச் சிறையும் இருந்தே தீரவேண்டும் என்பது பள்ளிப் பாடப்புத்தகம் நமக்கு ஊட்டிய எண்ணமாகும். ஆயின், ஒருவனை ஆண்டுக்கணக்கில் அடைத்துவைப்பதையே தண்டனையாகக் கொள்ளும் முறைக்கு வயது இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான். அதற்கு முன்னர்ச் சிறை என்பது பெரும்பாலும் விசாரணைக்கும் தூக்குமரத்துக்கும் இடையே காத்துக்கிடக்கும் கொட்டடியே. கசையடியும் தூக்கும் கொடியன எனக் கண்டு மனமிரங்கியவர்களே புதிய சிறையைக் கண்டுபிடித்தனர். 1790இல் பிலடெல்பியா நகரின் வால்நட் வீதிச் சிறையிலும், 1829இல் அதே நகரில் திறக்கப்பட்ட கிழக்கு மாநிலச் சிறையிலும் கைதி தன்னந்தனியே விடப்பட்டான். தனிமையில் இருந்தால் அவன் தன் மனச்சாட்சியோடு பேசித் திருந்துவான் என்று குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த நல்லவர்கள் நம்பினர். 1842இல் அச்சிறையைப் பார்வையிட்ட சாள்ஸ் டிக்கன்ஸ், உடலை வதைப்பதிலும் கொடிய வதை இது என்று கண்டித்து எழுதினார். கருணையின் பெயரால் எழுந்த மதில்கள் என்பதனாலேயே அவற்றை இடிப்பது கடினமாயிற்று.

இவ்வுண்மையைத் தன் வாதத்தின் அடித்தளமாகக் கொண்ட நூல் ஒன்றை இங்கு விமர்சிக்க எண்ணுகின்றோம். 'சிறைகள் வழக்கொழிந்தனவா?' எனப் பொருள்படும் தலைப்புடன் ஏஞ்சலா டேவிஸ் 2003இல் வெளியிட்ட சிறு நூல் அது. நூலாசிரியர் சிறையைப் புத்தகத்தில் மாத்திரம் படித்தவரல்லர். 1970இல் கைதாகி, ஏறத்தாழப் பதினாறு மாதங்கள் அடைபட்டுக் கிடந்து, 1972 யூன் மாதத்தில் எல்லாக் குற்றச்சாட்டுக்களினின்றும் விடுதலை செய்யப்பட்டவர். எனினும் இந்நூலில் அவர் தம் துயரக்கதையைச் சொல்ல முற்படவில்லை. அது நூலின் சிறப்புக்களுள் ஒன்று. அனுபவத்தை விற்பனைப் பண்டமாக்கும் எழுத்துப் பெருகியுள்ள காலத்தில் இவ்வடக்கம் பாராட்டத்தக்கது.

1960களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சிறைகளில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் இருந்தனர் என அறிந்து தாம் திடுக்கிட்டதாக டேவிஸ் கூறுகிறார். அவர் நூலை எழுதியபோது மாநிலச் சிறைகளிலும் ஊர்க்காவற் சிறைகளிலுமாக அடைபட்டோர் தொகை இருபது இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 2008ஐ அண்டிய ஆண்டுகளில் அது ஏறத்தாழ இருபத்துமூன்று இலட்சமாயிற்று. பின்னர்ச் சிறிது குறைந்தபோதிலும் இன்றும் அது பதினெட்டு, பத்தொன்பது இலட்சம் என்ற அளவிலேயே நிற்கின்றது. குற்றம் பெருகிற்று, ஆதலாற் சிறை பெருகிற்று என்ற எளிய விடை இங்குச் செல்லாது. கலிபோர்னியாவை ஆராய்ந்து 2007இல் நூல் எழுதிய ரூத் வில்சன் கில்மோர், 1852 முதல் 1964 வரை அம்மாநிலம் பன்னிரண்டு சிறைகளையே கட்டிற்று எனவும், 1984இன் பின் இருபதாண்டளவில் இருபத்துமூன்று பெருஞ்சிறைகளைக் கட்டிற்று எனவும் காட்டுகிறார். அக்கட்டட வேலை முழுவீச்சில் நடந்த காலத்திற் குற்றங்களின் வீதம் இறங்குமுகமாக இருந்தது. விளைச்சல் குன்றிய நிலம், முதலீட்டிற்கு வழிதேடிய மூலதனம், தொழிற்சாலைகள் மூடப்பட்டதால் தெருவில் நின்ற உழைப்பாளி ஆகிய மூன்றையும் ஒரே மதிலுக்குள் கொண்டுவந்த ஏற்பாடே சிறைப்பெருக்கம் என்பது கில்மோரின் முடிவு. பொருளாதாரத்தைக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் அந்நூலையும் தேடிப் படித்தல் நன்று.

டேவிஸின் நூலில் நம்மை மிகவும் கவர்வது அடிமைமுறைக்கும் சிறைக்கும் இடையேயுள்ள தொப்புட்கொடி உறவை அவர் எடுத்துக்காட்டும் பகுதியாகும். 1865இல் அமெரிக்க அரசியல் யாப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. ஆனால் குற்றத்திற்கான தண்டனையாக வரும் கட்டாய ஊழியத்தை விலக்கி வைத்தது. அந்த ஒரு விலக்கின் வழியே தென்மாநிலத் தோட்ட முதலாளிகள் மீண்டும் உள்ளே நுழைந்தனர். வேலையின்றித் திரிந்தமை குற்றமாக்கப்பட்டது. குற்றவாளியாக்கப்பட்ட கறுப்பினத்தவர் சுரங்கங்களுக்கும் தோட்டங்களுக்கும் குத்தகைக்கு விடப்பட்டனர். டேவிஸ் பிறந்த அலபாமா மாநிலம் இக்குத்தகை முறையைக் கைவிட்டது 1928இலேயே.

இதுவரை நூல் உறுதியாக நிற்கின்றது. சிறைக்குப் பதில் எது என்று விடைசொல்ல முற்படும் ஆறாம் அத்தியாயத்திலேயே நமது கருத்துவேற்றுமை தொடங்குகின்றது. சிறைக்கு ஒரே மாற்றைத் தேடாதீர்கள் என்கிறார் டேவிஸ். சீரிய பள்ளிக்கூடம், யாவர்க்கும் இலவச வைத்தியமும் மனநலச் சிகிச்சையும், போதைப்பொருள் உட்கொள்வோரைக் குற்றவாளியெனக் கொள்ளாத சட்டம், பழிவாங்குவதை விடுத்து ஈடுசெய்தலையும் இணக்கத்தையும் நாடும் நீதி என ஒரு தொகுதியாகவே மாற்றைக் காண வேண்டும் என்பது அவர் நிலை. இதில் நமக்கு மறுப்பில்லை. ஆயின் கொலையும் பாலியல் வன்முறையும் நேர்ந்துவிட்ட பின் என்ன செய்வது என்ற வினாவை எந்த வாசகனும் எழுப்புவான். அதற்கு அவர் தரும் விடை ஏறத்தாழப் பத்துப் பக்கமேயுள்ள அவ்வத்தியாயத்தின் இறுதியில் வரும் ஒரு கதை. தென்னாபிரிக்காவின் குகுலேத்து என்னும் கறுப்பின மக்களின் குடியிருப்பில் 1993இல் ஏமி பீல் என்ற வெள்ளை அமெரிக்க மாணவி கூட்டமொன்றினாற் கொல்லப்பட்டார். தண்டிக்கப்பட்ட இளைஞர் நால்வருக்கும் 1998இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு மன்னிப்பு வழங்கியபோது பெற்றோர் அதனை எதிர்க்கவில்லை. அந்நால்வருள் இருவர் பின்னர் ஏமியின் பெயரில் நிறுவப்பட்ட தாபனத்திலேயே பணியாற்றினர்.

நெஞ்சை உருக்கும் கதைதான். எனினும் வர்க்கக் கண்ணோட்டம் வாய்ந்த ஒருவர் தம் நூலை இக்கதையோடு முடித்தமை நமக்கு உவப்பானதன்று. கடல்கடந்து சென்று, கொன்றவனின் தாயைக் கண்டு, ஒரு தாபனத்தையும் நிறுவும் வசதி எத்தனை பெற்றோருக்கு உண்டு? ஒக்லண்ட் தெருவில் மகனை இழந்து, மறுநாளே வேலைக்குப் போகவேண்டியிருக்கும் தாய்க்கு இக்கதை சொல்வதென்ன? அந்த ஆணைக்குழுவும் அரசியற் குற்றங்களுக்கே மன்னிப்பு வழங்கிற்று. உண்மையைச் சொன்னவன் விடுதலை பெற்றான். பாதிக்கப்பட்டவர்களோ ஆணைக்குழு சிபாரிசு செய்த தொகையிற் சிறுபங்கான 30,000 ரான்ட் கொடுப்பனவுக்கு 2003 வரை காத்திருந்தனர். உயர்ந்த உள்ளங்களின் பெருந்தன்மையை ஒரு சமூக முறைமைக்கு அத்திவாரமாக்க இயலாது.

இவ்விடத்திற் கனடாவின் ஓர் ஊரை நோக்குவோம். மனிற்றோபா மாகாணத்தில், வின்னிபெக் ஏரியின் கீழ்க்கரையில், ஹொலோ வாட்டர் என்னும் அனிஷினாபே பழங்குடியினரின் கிராமம் உள்ளது. அயலிலுள்ள மெற்றி மக்களின் சிற்றூர்களையும் சேர்த்தால் அக்காலத்தில் ஏறத்தாழ அறுநூறு பேர் வாழ்ந்த இடம். 1984 அளவில், பிள்ளைகள் குடியிலும் நாசவேலையிலும் வீழ்வது கண்டு ஊரவர் சிலர், அவருட் பெரும்பாலார் பெண்கள், கூடிப் பேசலாயினர். பிள்ளைகளின் நடத்தைக்கு அடியில் பெற்றோரின் குடியும், அதற்கும் அடியிற் பல குடும்பங்களில் மறைந்துகிடந்த பாலியற் கொடுமையும் இருக்கக் கண்டனர். கூடிப் பேசியவர்களிலேயே பலர் சிறுவயதில் அக்கொடுமைக்கு ஆளானவர்கள். பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து வதிவிடப் பள்ளிகளில் அடைத்த அரசும் திருச்சபைகளும் விதைத்த வினை அது என்பதையும் அவர்கள் உணர்ந்தனர்.

அவர்கள் வகுத்த முறைக்குச் 'சமூகத்தின் முழுமையான குணப்படுத்தல் வட்டம்' எனப் பெயர் கூறலாம். பதின்மூன்று படிகள் கொண்டது அது. கொடுமை வெளிப்பட்டதும் முதற் பணி பாதிக்கப்பட்ட பிள்ளையின் பாதுகாப்பு. பின்னர் ஊர்க்குழுவைச் சேர்ந்த ஒருவர் குற்றஞ்செய்தவனை நேரிற் சென்று காண்பார். வழக்குப் பதிவாகும், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. குற்றத்தை ஏற்றுக்கொண்டு ஊரின் வழியில் நடப்பதா, அன்றி ஊரின் துணையின்றி நீதிமன்றை எதிர்கொள்வதா என்பதை அவன் தெரிவுசெய்ய வேண்டும். ஊர்வழியைத் தெரிந்தால், தான் செய்ததை முதலிற் குழுவினர்முன் சொல்லவேண்டும். பிறகு மனைவி மக்கள்முன், அதன்பின் உற்றார் உறவினர்முன், ஈற்றில் ஊரார் யாவர்முன்னும் சொல்லவேண்டும். 1993 முதல் நீதிபதியே ஊருக்கு வந்து அவ்வட்டத்தில் அமர்ந்து, அனைவர் பேச்சையும் கேட்டுத் தீர்ப்பளிக்கலானார். பெரும்பாலும் சிறைக்குப் பதில் நன்னடத்தைக் கண்காணிப்பே தீர்ப்பாயிற்று. முழுப் பாதையையும் கடக்க ஐந்தாண்டளவு செல்லும்.

இது தண்டனையினின்றும் தப்பும் வழி என்று சொல்பவர், தம் வாழ்வில் எவர்முன்னும் எதையும் ஒப்புக்கொண்டறியாதவராகவே இருத்தல் வேண்டும். சிறையிற் கைதி தன் குற்றத்தைப் பற்றி வாய்திறவாமலே காலங்கழிக்கலாம். மறுப்பதே அவனுக்கு இலாபம் என்று வழக்கறிஞரும் போதிப்பார். ஹொலோ வாட்டர் மக்கள் 1993இல் வெளியிட்ட அறிக்கையிற் சிறையை மறுத்ததற்குக் கூறிய காரணமும் இதுவே: சிறைப்பயம் குற்றஞ்செய்தவனை மௌனியாக்குகிறது, தகப்பனையோ மாமனையோ சிறைக்கு அனுப்ப அஞ்சும் பிள்ளையையும் மௌனியாக்குகிறது, மௌனமே கொடுமையின் உறைவிடம். 2001இல் வெளியான ஓர் ஆய்வு, பத்தாண்டளவில் இவ்வழியில் நடந்த 107 பேருள் இருவரே மீண்டும் குற்றஞ்செய்தனர் எனக் கண்டது.

இங்கு நம் வாசகருக்கு ஓர் ஐயம் எழும்; எழவும் வேண்டும். ஊர் கூடி நீதி வழங்குதல் என்றதும், சாதிமான்கள் திண்ணையில் அமர்ந்து, கிணற்றைத் தொட்டவனுக்கு அபராதம் விதித்த காட்சியே நம் நினைவுக்கு வருகின்றது. சமூகம் என்ற சொல்லைக் கேட்டதும் கைகூப்பும் மனோபாவம் நமக்கு ஆகாது. ஹொலோ வாட்டரின் சிறப்பு ஊர் நீதி வழங்கியதில் இல்லை. ஊர் எதை மூடிவைத்ததோ அதனைப் பாதிக்கப்பட்ட பெண்கள் திறந்து, ஊரையே விசாரணைக்குக் கொண்டுவந்ததில் உள்ளது. வட்டத்தின் நடுவே வலியவன் அமர்ந்தால் அது பழைய திண்ணைதான்.

மன்னிப்பின்றியே இத்தகைய நீதி இயலும் என்பதற்குப் புறூக்ளினிலிருந்து மற்றொரு சான்று கிடைக்கின்றது. 2008இல் டானியெல் செறெட் தொடக்கிய 'பொது நீதி' என்னும் அமைப்பு, கொள்ளை, ஆயுதத் தாக்குதல் போன்ற வன்முறை வழக்குகளையே எடுத்துக்கொள்கிறது. பாதிக்கப்பட்டவர் இணங்கினாலன்றி எவரும் அதில் சேர்க்கப்படுவதில்லை. அவ்வாறு கேட்கப்பட்டோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சிறைக்குப் பதிலாக இவ்வழியையே தெரிந்தனர் என 2019இல் வெளியான தம் நூலில் அவர் எழுதுகிறார். இரக்கத்தினால் அல்ல. அடித்தவன் சிறையிலிருந்து மேலுங் கொடியவனாகத் தன் தெருவுக்கே திரும்புவான் என்பதை அவர்கள் அறிவர். தன் பிள்ளைக்கும் அது நேரக்கூடாது என்று கருதினர். வன்முறையைத் தூண்டுவன அவமானம், தனிமை, வன்முறையைக் கண்டும் பட்டும் வாழ்தல், வயிற்றுப்பாட்டுக்கு வழியின்மை என்ற நான்கு என்றும், சிறையின் முதன்மைக் குணங்களும் அதே நான்குதாம் என்றும் செறெட் காட்டுவது சிந்திக்கத்தக்கது. டேவிஸின் ஆறாம் அத்தியாயத்தில் இத்தகைய பக்கங்களைத்தான் நாம் எதிர்பார்த்தோம்.

ஹொலோ வாட்டரைப் பரந்த உலகுக்கு அறிமுகஞ் செய்தவருள் ஒருவர், ஒன்ராறியோவில் முடிக்குரிய வழக்குத்தொடுநராகக் கடமையாற்றிய றூபேட் றொஸ். 'போதனைகளுக்குத் திரும்புதல்' என்ற பொருளுடைய அவரது நூல் 1996இல் வெளிவந்தது. நேர்மையான நூல், அரசின் தரப்பில் நின்று வழக்குரைத்தவர் தம் தொழிலையே வினாவுக்குட்படுத்துவது எளிதன்று. ஆனால் பழங்குடிப் போதனைகளின் ஆழத்தில் தோய்ந்த அவர், நிலத்தைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் கூறுவது மிகச் சிறிதே. அக்குறை பின்வந்த ஆண்டுகளில் எண்களாக வெளிப்பட்டது. 1996இல் கனடா தன் குற்றவியற் சட்டத்தைத் திருத்தி, சிறையைக் கடைசி வழியாகக் கொள்ளுமாறும் பழங்குடியினரின் நிலையைச் சிறப்பாகக் கருதுமாறும் நீதிபதிகளைப் பணித்தது. 1999இல் உயர்நீதிமன்றம், கிளடூ வழக்கில், அதனை வலியுறுத்திற்று. மக்கட்டொகையில் நூற்றுக்கு மூவரான பழங்குடியினர் 1997இல் மத்திய அரசின் சிறைகளில் நூற்றுக்குப் பன்னிருவராக இருந்தமையை அத்தீர்ப்பே சுட்டியது. சட்டம் நல்ல சட்டம். தீர்ப்பு நல்ல தீர்ப்பு. 2020இல் அவ்விகிதம் நூற்றுக்கு முப்பதைத் தாண்டியது. அவர்கள் மக்கட்டொகையில் நூற்றுக்கு ஐவரளவினரே.

வட்டங்கள் பயனற்றுப்போயின என்பதன்று இதன் பொருள். 1951 வரை அவர்தம் சடங்குகளைக் குற்றமாக்கி வைத்திருந்த அரசு, பின்னர் அதே சடங்கை நீதிமன்றுக்குள் வரவேற்றது. நிலத்தையோ, பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் உரிய பணத்தையோ திருப்பிக் கொடுக்கவில்லை. காயத்தை ஆற்றும் வேலை சமூகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. காயப்படுத்தும் வேலை முன்போலவே நடந்தது. டேவிஸ் தந்த பள்ளிக்கூடம், வைத்தியசாலை என்ற பட்டியல் றொஸின் நூலுக்கு வெளியே கிடக்கிறது. றொஸ் கண்ட வட்டம் டேவிஸின் நூலுக்கு வெளியே கிடக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துப் படிக்கும் வேலையை இருவரும் வாசகனுக்கே விட்டுவிட்டனர்.

சிறைகளில் அடைபட்ட பெண்களைப் பற்றி டேவிஸ் எழுதிய நான்காம் அத்தியாயத்தையும் இத்தொடர்பிற் படித்தல் வேண்டும். ஹொலோ வாட்டரில் முதலில் வாய்திறந்தவருட் பெரும்பாலார் பெண்கள் எனக் கண்டோம். 2022ஐ எட்டியபோது, கனடிய மத்திய அரசின் சிறைகளிலிருந்த பெண்களிற் பாதிப்பேர் பழங்குடிப் பெண்கள்.