ஈரல் மாற்றின் வெளிவராத கணக்கு

பேராசிரியர் முகமது ரேலாவைப் பாராட்டி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1997ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில், பிறந்து 5 நாளேயான குழந்தைக்கு அவர் ஈரல் மாற்றினார். கின்னஸிலும் அது ஏறியது. மயிலாடுதுறைப் பக்கத்துக் கிளியனூர்க்காரர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர், லண்டனில் பெயரெடுத்துத் திரும்பிக் குரோம்பேட்டையில் தன் பெயரிலேயே மருத்துவ நிலையம் கண்டவர். அந்தக் கைத்திறனையும் அவரிடம் பழகித் தேறிய சத்திரசிகிச்சை நிபுணர்களையும் யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் பேராசிரியர் ஒருவரின் வாழ்நாட் பணியைச் சாதனையாலும் எண்ணிக்கையாலும் அளக்கிற இந்த வழக்கம் பிழையானது. அவருடைய துறை முழுவதையும் அது கெடுக்கிறது.

பிரித்தானியாவில் ஈரல் மாற்றும் நிலையங்கள் ஒவ்வொன்றிலும் நோயாளரில் எத்தனை வீதம் பேர் ஓராண்டு, ஐந்தாண்டு தாண்டி உயிரோடிருக்கிறார்கள் என்பதைத் தேசிய சுகாதார சேவை ஆண்டுதோறும் பெயர் சொல்லி வெளியிடுகிறது. வேலைசெய்கிறவரே தன்னை மதிப்பிடாமல் வெளியார் எண்ணிச் சொல்வதுதான் அங்கே கல்விசார் சத்திரசிகிச்சையின் முதுகெலும்பு. லண்டனிலிருந்து கத்தி பிடிக்கும் நுட்பம் சென்னைக்கு வந்து சேர்ந்தது. இந்தக் கணக்கு வரவில்லை. இந்தியாவில் மாற்று நடந்த எண்ணிக்கை கிடைக்கும், நிலையவாரியாக உயிர்பிழைத்தோர் கணக்கைக் கட்டாயமாக வெளியிடும் ஏற்பாடு இல்லை. ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம் வருகின்றனவே என்பார்கள். கட்டுரையில் எதைச் சொல்வதென்று எழுதுகிறவரே தீர்மானிக்கிறார், அதனால் அது ஈடாகாது. இந்தியாவில் பெரும்பாலான மாற்றுகள் உயிரோடிருக்கும் உறவினரின் ஈரலை வெட்டியே நடக்கின்றன. நோயில்லாத மனைவியோ தாயோ, சில வேளை ஈரலில் பாதிக்கும் மேலாகக் கொடுத்துவிட்டுப் படுக்கிறாள். மிகச் சிறிதெனினும் அவளுக்கும் உயிராபத்து உண்டு. அவளுக்குப் பின்னர் என்ன நடந்ததென்பதாவது பொதுக் கணக்கில் வரவேண்டாமா? யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் காணியை விற்றுச் சென்னைக்குப் புறப்பட யோசிக்கிற குடும்பத்துக்குப் பேராசிரியரின் புகழைத் தவிர வேறு ஆதாரம் கையில் இல்லை.

கணக்கை வெளியிட்டால் கடுமையான நோயாளரை நிலையங்கள் கைவிட்டுவிடும் என்ற மறுப்பு வலுவானதுதான். அதற்காகவே பிரித்தானியர் நோயின் கடுமையைக் கழித்துக் கணக்கிடுகிறார்கள். எனவே அது மறைப்பதற்குக் காரணமாகாது, கவனமாக எண்ணுவதற்கே காரணம். அரசு சட்டம் போடாதபோது தனிமனிதர் என்ன செய்வார் என்றும் கேட்கலாம். சட்டம் வருமுன்பே தம் நிலையத்தின் கணக்கை, இறந்தவர்களையும் கொடையாளரையும் சேர்த்து, வெளியாரிடம் ஒப்படைக்கத் தடையேதும் இல்லை. அந்தத் துறையில் மூத்தவர்கள் நாலைந்து பேர் தொடங்கினால் மற்றவர்கள் ஒதுங்கி நிற்க முடியாது. இனி விருது கொடுப்பவர்கள் முதலில் கேட்கவேண்டியதும் அந்தக் கணக்கைத்தான்.