‘அக்னிச் சிறகுகள்’ நூலில் தன்மதிப்பு: யாக்கோபு நிருபத்தின் ஒளியில் ஒரு திறனாய்வு

1999ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியாகி, பின்னர் ‘அக்னிச் சிறகுகள்’ எனத் தமிழாக்கம் பெற்ற அப்துல் கலாமின் தன்வரலாறு, நம் இளைஞர் கூடுகைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் நூலாகும். தம்மைத் தாழ்வாக எண்ணும் பிள்ளைகளுக்கு ஊக்கமூட்ட விரும்பும் அருளுரையாளர்கள், திருவசனம் ஒன்றோடு இந்நூலின் பகுதி ஒன்றையும் இணைத்துப் பேசுவதுண்டு. எப்பகுதியை இணைப்பது தகும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1931இல் இராமேசுவரத்தில் பிறந்த கலாம், உயர்நிலைக் கல்விக்காக இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் சேர்ந்தார். அங்கு ஆசிரியராயிருந்த அய்யாதுரை சாலமன், பள்ளிக் கல்வியின் பயனைப் பெறாத பெற்றோரின் மகனாகிய தமக்குத் தன்மதிப்பை ஊட்டினார் என்று அவர் நன்றியோடு எழுதுகிறார். ஆசை, நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்று ஆற்றல்களையும் ஆளக் கற்றவன் வெற்றி பெறுவான் என்பது அவ்வாசிரியரின் போதனை. மிஷன் பள்ளி ஒன்றின் கிறிஸ்தவ ஆசிரியர் இவ்வாறு நினைவுகூரப்படுவது நமக்கு மகிழ்ச்சியே.

எனினும் இப்போதனையை 1 கொரிந்தியர் 13:13உடன் ஒப்பிடுதல் வேண்டும். பவுலடியார் கூறும் மூன்றில் விசுவாசமும் நம்பிக்கையும் உண்டு. ஆனால் அவற்றோடு நின்று, அவற்றினும் பெரியதாக விளங்குவது அன்பு. இங்கோ அன்பின் இடத்தில் ஆசை நிற்கிறது. யார்மேல் வைக்கும் நம்பிக்கை என்பதும் சொல்லப்படவில்லை. இப்போதனைக்குச் சான்றாக, இராமேசுவரத்துப் பிள்ளைகளுள் முதன்முதல் வானில் பறந்தவன் தானே என்கிறார் கலாம். அங்ஙனமாயின், பறவாத பிள்ளையின் நிலை என்ன? பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் தகப்பனோடு வலை இழுத்தே வாழப்போகிற பிள்ளை மதிப்பற்றவனா? தேவசாயல் (ஆதி. 1:27) வெற்றிக்குக் கிடைக்கும் கூலியன்று.

இக்கேள்விக்குரிய விடை அதே நூலின் வேறிரு நிகழ்ச்சிகளில் உள்ளது. தொடக்கப்பள்ளியில் கோயில் அர்ச்சகரின் மகனருகே முன்வரிசையில் அமர்ந்திருந்த கலாமை, முஸ்லிம் என்ற காரணத்தால் புதிய ஆசிரியர் ஒருவர் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அந்த அர்ச்சகரான லட்சுமண சாஸ்திரி ஆசிரியரை வரவழைத்துக் கண்டித்தார். ஆசிரியரும் மனம் மாறினார். பின்னர், அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் அவரை வீட்டிற்கு உணவுண்ண அழைத்தார். மனைவியார் பரிமாற மறுத்தபோது, தாமே பரிமாறி உடனமர்ந்து உண்டதோடு, மறுவாரமும் வரும்படி அழைத்தார். அம்முறை அம்மையாரே பரிமாறினார்.

இங்கு யாக்கோபு நிருபத்தின் அமைப்பை நோக்குக. வசனத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவன், கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டு உடனே மறந்துபோகிறவனுக்கு ஒப்பிடப்படுகிறான் (1:23, 24). அதையடுத்துச் சில வசனங்களுக்குள்ளாகவே அப்போஸ்தலர், சபையில் ஐசுவரியவானுக்கு ஓரிடமும் ஏழைக்கு வேறிடமும் காட்டுவதைக் கண்டிக்கிறார் (2:1-4). கண்ணாடியிலிருந்து நேராக இருக்கைக்குச் செல்கிறது அவருடைய சிந்தனை. தன்னைப்பற்றிய மெய்யான காட்சி, தன்னையே உற்று நோக்குவதால் நிலைப்பதன்று. வசனத்தின்படி செய்வோர் நடுவே நிலைப்பது. அந்தியோகியாவில் பந்தியைவிட்டு விலகிய பேதுருவைப் பவுல் கண்டித்ததும் (கலா. 2:11-14) இதன்பொருட்டே.

அர்ச்சகரும் ஐயரும் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர்; ஆயினும் யாக்கோபு கற்பித்ததைச் செய்தனர். சாதியின்படி கல்லறைத் தோட்டம் பிரிக்கப்பட்டுள்ள சபைகள் நம்மிடையே இன்றும் உள்ளன. அத்தகைய சபையின் பீடத்திலிருந்து தலித் சிறுவன் ஒருவனை நோக்கி, “உன்னை உயர்வாக எண்ணிக்கொள்” என உரைப்பது, அவன் காயத்திற்கு அவனையே பொறுப்பாக்குவதாகும்.

ஆகவே இந்நூலைக் கையாளும் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் மூன்று ஆற்றல்களோடு நின்றுவிடாமல், கடைசி வரிசைக்கு அனுப்பப்பட்ட சிறுவனையும், அவனுக்குப் பரிமாறிய ஆசிரியரையும் சபைக்குக் காட்டுவார்களாக. அருளுரைக்கு ஆயத்தமாகும் வேளையில், தம் சபைப் பிள்ளைகள் எங்கே அமர்த்தப்பட்டுள்ளனர் என்பதையும் ஆராய்வார்களாக.