ஊதாத விசில்

கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் மோகன் பகான்–ஈஸ்ட் பெங்கால் கால்பந்து டெர்பி பார்ப்பதென்றால் மேல் அடுக்குக்குத்தான் ஏறுவேன். நடுவில் ஓடுபாதை வேறு கிடப்பதால் அங்கிருந்து ஆட்டக்காரர்களின் முகம் தெரியாது. தெரியாவிட்டால் போகிறது, நான் பார்க்கப் போவது நடுவரின் கால்களை.

1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதிக்கு இங்கே ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் கூட்டம். பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று மோகன் பகானைச் சாய்த்தது. அந்த ஸ்கோரை இன்றும் ஒப்பிக்கும் ஊரில், விசில் பிடித்தவரைப் பற்றிப் பேச ஆளில்லை. நல்ல நடுவர் கண்ணில் படமாட்டார் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலிருந்து பார்க்கத் தெரிந்தால் அவர்தான் முதலில் கண்ணில் படுவார்.

ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக ஒரு பாதை. நடுவர் அதை ஒட்டி ஓடுவார். அந்தச் சாய்வு எட்டாத ஓரங்களை லைன்ஸ்மேன்கள் இருவரும் ஆளுக்குப் பாதிக் கோடாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். இங்கிலாந்தின் ஸ்டான்லி ரவுஸ் நிலைநிறுத்திய முறை இது. பந்து எங்கே போனாலும் இரண்டு பக்கத்திலிருந்து அதன்மேல் கண் விழும். வேறு வகை ஆட்டமான அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அதன் பெரிய ஆட்டங்களில் எட்டு நடுவர்கள் நிற்பார்கள். ஒவ்வொரு மோதலும் முடிந்தபின் பந்தை வைத்து, விலகி, மூச்சுவிட நேரம் உண்டு. இங்கே மூன்று பேரும் ஓடிக்கொண்டேதான் யோசிக்க வேண்டும்.

லைன்ஸ்மேனைக் கவனியுங்கள். மார்பு களத்தைப் பார்த்தபடி, நண்டு நடையாகப் பக்கவாட்டில் நகர்கிறார். கடைசிக்கு முந்தைய தடுப்பாட்டக்காரரோடு ஒரே கோட்டில் நிற்க வேண்டும்; ஒரு எட்டு பிந்தினால் ஆஃப்சைட் கணக்கே தப்பிவிடும். ஆஃப்சைடில் முன்னால் நிற்பவனை நோக்கிப் பந்து வருகிறது, கொடி எழவில்லை. அவன் தொடாமல் விட, பின்னாலிருந்து சரியான இடத்தில் வந்தவன் எடுத்துக்கொள்கிறான். அந்த ஒரு நொடிப் பொறுமை ஒரு தாக்குதலைக் காப்பாற்றியது.

நடுவரின் பொறுமை இன்னும் அழகு. நடுக்களத்தில் கால் வாரப்படுகிறது. அரங்கமே ஃபவுல் என்று அலறுகிறது. வாயருகே போன விசில் இறங்குகிறது. இரண்டு கைகளும் முன்னால் நீள்கின்றன, ஆடுங்கள் என்று. பந்து விங்கில் பறக்கிறது. ஆட்டம் நின்றதும் திரும்பி நடந்து வந்து, கால் வாரியவனிடம் மஞ்சள் அட்டையை நீட்டுகிறார். பந்தி விசாரிக்கும் பெரியவர் மாதிரி: யார் இலையில் என்ன பாக்கி என்பது மறக்கவே மறக்காது.

ஆனால் விட்டுக்கொண்டே போவதும் கலை ஆகாது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இதே இரு அணிகள் ஆடியபோது மூண்ட கலவரத்தில் 16 ரசிகர்கள் இறந்தார்கள். களத்தின் சூடு எப்போது படியேறும் என்று தெரிந்தவர்தான் இந்த ஊரில் விசில் பிடிக்க முடியும்.

விசில் பிடித்தவருக்காகவே நினைவில் நிற்கும் ஆட்டமும் உண்டு. இதே சால்ட் லேக்கில் 2017 அக்டோபர் 14 அன்று, 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஜப்பானும் நியூ கலிடோனியாவும் மோதின. நடுவர், சுவிட்சர்லாந்தின் எஸ்தர் ஸ்டாப்லி. ஆண்களுக்கான ஃபிஃபா போட்டித் தொடரில் ஒரு பெண் நடுவராக இறங்கியது அதுவே முதல்முறை.

யார் விசில் பிடித்தாலும் நிற்கும் இடம் முக்கியம். 2019 முதல் ஒரு விதி உண்டு. நடுவர்மேல் பட்ட பந்து எதிரணியிடம் போய்விட்டால் ஆட்டத்தை நிறுத்தி, டிராப் பாலில் தொடங்க வேண்டும். தப்பான இடத்தில் நின்றால் ஆட்டம் அவராலேயே அறுபடும். எங்கே நிற்பது என்பதில் பாதி, எங்கிருந்து விலகுவது என்பதுதான்.

ஒருமுறை பக்கத்து இருக்கைக்காரர் என் தோளைத் தட்டினார். “பந்து அந்தப் பக்கம் இருக்கிறது தாதா, நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள்?” காலியான புல்வெளியை நோக்கி ஓடிக்கொண்டிருந்த நடுவரைக் காட்டினேன். அவர் சிரித்து முடிப்பதற்குள், நீளமாக உதைக்கப்பட்ட பந்து அங்கே வந்து விழுந்தது.