சிறைக்குள் ஒரு பட்டம்

காஞ்சிபுரத்தில் மத்திய சிறை கிடையாது, கிளைச் சிறைதான். பெரிய தண்டனை என்றால் வேலூருக்கோ புழலுக்கோ அனுப்பிவிடுவார்கள். பட்டப்படிப்பும் அங்கேதான். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் மத்திய சிறைகளுக்குள் கல்வி மையங்கள் நடத்துகின்றன.

இதன் பலனுக்குப் பேரறிவாளனைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 1991இல், 19 வயதில், டிப்ளமோ முடித்த கையோடு ராஜீவ் காந்தி கொலை வழக்கில் கைதானவர். உள்ளே இருந்தபடியே பி.சி.ஏ., எம்.சி.ஏ. முடித்தார், பிளஸ் டூ எழுதி 1200க்கு 1096 வாங்கினார். தூக்குத் தண்டனை ஆயுளாகக் குறைந்தது 2014இல்தான். எந்த நாளும் கடைசி நாளாகலாம் என்ற நிலையில் உட்கார்ந்து படித்த படிப்பு அது. 2022 மார்ச்சில் ஜாமீன் வழங்கிய உச்ச நீதிமன்றம் அந்தக் கல்வித் தகுதியையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

சிறையில் படித்தவர்கள் மறுபடி சிறைக்குத் திரும்பும் வாய்ப்பு 43 விழுக்காடு குறைவு என்கிறது அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஆய்வு. படிக்க முன்வருபவர்கள் ஏற்கெனவே திருந்த நினைப்பவர்களாகவும் இருக்கலாம். அதைக் கழித்துப் பார்த்தாலும் பலன் சிறிதல்ல.

ஆனால் பேரறிவாளன் டிப்ளமோவோடு உள்ளே போனவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தறியில் உட்கார்ந்த காஞ்சிபுரத்து இளைஞனை நினைத்துப் பாருங்கள். அவன் கைக்கு வருவது கட்டுக் கட்டாகப் பாடப் புத்தகம். சந்தேகம் வந்தால் கேட்கத் தினமும் வருகிற ஆசிரியர் இல்லை. பள்ளியைத் தாண்டி நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கினால், அது அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009இலேயே தமிழக அரசு ஆணை போட்டுவிட்டது. முறையாகப் படித்து வாங்கினாலும் காவல்துறைச் சரிபார்ப்பு குறுக்கே நிற்கும். தறிக்குத் திரும்பினால் யாரும் நன்னடத்தைச் சான்று கேட்கமாட்டார்கள். பட்டத்தை நம்பிப் போகிற இடத்தில்தான் கேட்பார்கள். படிக்க வைத்த அதே அரசு வேலை தர மறுப்பதை எப்படி நியாயப்படுத்துவது?

இதைவிடப் பெரிய குறை, படிப்பு எட்டாத இடம். 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருப்போரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். இன்றோ நாளையோ ஜாமீன் என்று காத்திருப்பவனை மூன்றாண்டுப் படிப்பில் யார் சேர்ப்பார்கள்? அவர்கள் காத்திருக்கும் கிளைச் சிறைகளில் எட்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வுகளுக்குப் பாடம் நடத்த ஆசிரியரை அனுப்புங்கள். விடுதலையானாலும் வெளியே தொடர வழி செய்யுங்கள். பட்டத்துக்குச் செலவிடும் அக்கறையில் பாதியாவது முதலில் அங்கே போக வேண்டும்.