ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் பெரட்டு நேரமும்

வேலைக்குச் செல்லும் பெற்றோருக்கான சமையல் அறிவுரை எமது பத்திரிகைகளின் மாதர் பகுதிகளில் ஒரு தனி எழுத்து வகையாகவே வளர்ந்துவிட்டது. அதன் சாரம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அடுப்படியில் நின்று, வாரத்துக்கு வேண்டிய குழம்பையும் பருப்பையும் ரொட்டியையும் ஒருமிக்க ஆக்கி, சிறு பெட்டிகளில் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியின் பிறீசரில் வைத்துவிட வேண்டும், மற்றைய ஆறு நாளும் எடுத்துச் சூடாக்கினாற் போதும். இஃது இலக்கிய விமர்சனத்துக்குரிய பொருளோ என்று கேட்போர் இருக்கலாம். கவிதை நுழையாத வீடுகளிலும் இவ்வெழுத்து நுழைகின்றது. எதனைப் படித்து மக்கள் தமது நாளை வகுத்துக்கொள்கிறார்களோ, அதனை விமர்சகன் படியாமல் விடுவதற்கு நியாயமில்லை.

முறையிலே குற்றமில்லை என்பதை முதலிற் சொல்லிவிடுதல் வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியசில் உறைந்த உணவில் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. பருப்பும், புளிக்குழம்பும், சுட்ட ரொட்டியும் உறைவைத் தாங்கும். உருளைக்கிழங்கு மாவாய் உதிரும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். தேங்காய்ப்பாற் கறி திரிந்து பிரியும். சோற்றை வெளியே நெடுநேரம் ஆறவிடுதல் ஆபத்தானது. கொதியிலும் சாகாத நுண்ணுயிர் வித்துகள் அதிலே முளைத்து நஞ்சை உண்டாக்கும். இவை விஞ்ஞானம். வீட்டுக்கு வீடு பரவவேண்டியவை. நாளைய உணவை இன்றே ஆயத்தம் செய்தல் எமக்குப் புதிதுமன்று. பழஞ்சோறும் கருவாடும் வடகமும் ஊறுகாயும் அவ்வாறு பிறந்தவையே. ஆதலால் இதனை மேல்நாட்டு மோகம் என்று முகஞ் சுளிப்போருடன் எமக்கு உடன்பாடில்லை.

எமது வழக்கு அவ்வெழுத்தின் மொழியோடுதான். தலைப்பிலே 'பெற்றோர்' என்றிருக்கும். இரண்டாம் பந்திக்கு வருமுன்னரே பெற்றோரில் ஒருவர் காணாமற் போய்விடுவார். வெங்காயம் அரிபவளும், பெட்டிகளுக்குத் திகதிச் சீட்டு ஒட்டுபவளும், பிள்ளையின் வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று நினைவில் வைத்திருப்பவளும் தாய் ஒருத்தியே. படத்திலும் அவளே சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மாத்தளை நகரில் இருவரும் ஆசிரியராயுள்ள ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஆறு நாட்களிலிருந்து மிச்சம் பிடித்த நேரம் முழுவதும் அவ்வீட்டுப் பெண்ணின் ஒரே ஓய்வு நாளிலிருந்து எடுக்கப்பட்டதாகும். கடனை ஓரிடத்தில் அடைத்து இன்னோரிடத்தில் வாங்கும் இக்கணக்குக்கு 'நேர முகாமைத்துவம்' என்று பெயர்.

நகரை விட்டு இறத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவைப் பக்கமாக மலையேறினால் இவ்வெழுத்து ஒரேயடியாக ஊமையாகிவிடுகின்றது. மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே கால்நடையாய் வந்து, மாத்தளையைக் கோப்பிக் காடாக்கியவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் பகுதி இது. இங்கே தேயிலையோடு இறப்பரும் உண்டு. வெயில் ஏறினால் இறப்பர்ப் பால் வடிவது குறைந்துவிடும்; ஆதலால் பால் வெட்டப் போகிறவள் கொழுந்து பறிப்பவளிலும் முந்தி எழவேண்டும். 10 அடிக்கு 12 அடியான லயக் காம்பிராவிலோ, அதன் முன்னுள்ள இஸ்தோப்பிலோ விறகடுப்பை மூட்டி, கோதுமை மாவைப் பிசைந்து ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, காலைக்கும் மலையில் உண்ணும் பகலுக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் ஒரே மூச்சில் ஆக்கி முடித்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டுவிட்டு, பெரட்டுக்கு ஓடுகிறாள். மொத்தமாகச் சமைத்துவைக்கும் கலையை அவளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. தோட்டத்து மக்கள் ரொட்டியை விரும்பி உண்பவர்கள் என்று எழுதுவோர் உண்டு. நின்றபடி பிய்த்துத் தின்னலாம், பகல்வரை கெடாது, கறி வேண்டாம். இவற்றையும் சேர்த்தே அந்த விருப்பத்தைப் பேசுதல் வேண்டும்.

1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நாட்கூலி சமமாயிற்று. அது பெரும் வெற்றி, ஐயமில்லை. ஆனால் பல தோட்டங்களில் ஆண்களின் வேலை பிற்பகலிலேயே முடிந்துவிட, பெண்கள் அந்திவரை கொழுந்தெடுக்கின்றனர். அதன் பின்னர் இரவுச் சமையல். கூலி சமமான பின்பும் நாள் சமமாகவில்லை.

குளிர்சாதனப் பெட்டி எல்லா லயத்துக்கும் வந்துவிட்டாற் போதுமே என்பர் சிலர். வரட்டும்; நாம் மறுக்கவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிலவியபோது, நகரத்துப் பிறீசர்களில் அடுக்கிய வாரத்துச் சமையல் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எண்ணிக்கொள்ளட்டும். தனித்தனி வீட்டில் தனித்தனிப் பெட்டி என்பது பொருளாதாரம் ஆட்டங்கண்டால் முதலில் ஆடுவது.

1919இல் 'மாபெரும் தொடக்கம்' எழுதிய லெனின் பொது உணவுச் சாலையையும் குழந்தைக் காப்பகத்தையும் புதிய சமுதாயத்தின் முளைகளாகக் கண்டார். அவ்வளவு தூரம் போகவேண்டியதுமில்லை. தமிழ்நாட்டில் 1956இல் காமராசர் ஆட்சிக் காலத்தில் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1982இல் சத்துணவாக விரிந்து, 2022இல் தொடக்கப் பள்ளிக் காலை உணவையும் சேர்த்துக்கொண்டது. அங்கே வேலைக்குப் போகும் தாய் ஒருத்தியின் விடியற்காலையில் அரை மணி நேரத்தை எந்தச் சமையற் குறிப்பும் மீட்டுத் தரவில்லை. பள்ளிக்கூடத்து அடுப்பு மீட்டுத் தந்தது. மலையகத்தில் பிள்ளைக் காம்பிராவும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. அவ்வடுப்பைப் பற்றிக் கேட்கவேண்டிய இடத்தில் மாதர் பகுதி திகதிச் சீட்டைப் பற்றிப் பேசுகின்றது.

மாதர் பகுதியை மட்டும் குறைகூறி எழுந்துவிட எமக்கு மனம் ஒப்பவில்லை. மலரன்பன், வடிவேலன், சோமு, கார்த்திகேசு எனப் படைப்பாளர் பலரைத் தந்தது மாத்தளை மண். மலையகக் கதைகளை விமர்சிக்கப் புகுந்த நாம் கங்காணியைத் தேடினோம், துரையைத் தேடினோம், கூலிச் சீட்டைத் தேடினோம். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்னும் தலைப்பைப் பல மேடைகளில் எடுத்தாண்டோம். கூடைக்கு முன்னதாக அப்பெண் பிசையும் மாவை எக்கதை எவ்வாறு காட்டுகிறது என்று பார்ப்பது எமக்குத் தோன்றவில்லை. அது வீட்டு விஷயம், வர்க்கப் பிரச்சினை வெளியே இருக்கிறது என்ற எண்ணம் எம்முள் ஊறியிருந்தது.

எமது இலக்கியக் கூட்டங்கள் ஞாயிறு பிற்பகலிலேயே கூடுகின்றன. பெண்களின் வருகை குறைவென்று சென்ற முறை குறைபட்டுக்கொண்டபோது, வேறொரு நாளில் வைக்கலாமே என்றார் நண்பர் ஒருவர். எந்த நாளில் என்று கேட்டோம். அவரும் யோசித்தார், நாமும் யோசித்தோம்.