விரிசலை வாசித்தல்

பிக்காசோவின் 'குவெர்னிகா'வில் (1937) காளை, குதிரை என்று குறியீடுகளைத் தோண்டியது போதும். வர்ணத்தில் விழுந்திருக்கும் விரிசல்களையும் பிரதியாகவே வாசிக்கணும் என்கிறேன். ஏறக்குறைய எட்டு மீட்டர் அகலத் துணி. சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டினால்தான் பயணம். 1939இல் ஸ்பானிய அகதிகளுக்கு நிதி திரட்ட அமெரிக்கா போனது. அப்புறம் ஊர் ஊராகச் சுருட்டுவதும் விரிப்பதும். ஓவியம் தன் உடம்பால் கட்டிய வண்டிக்கூலிதான் அந்த விரிசல்.

1981இல் ஸ்பெயினுக்கு வந்தது. 1997இல் பில்பாவோவில் கூகன்ஹைம் அருங்காட்சியகம் திறந்தபோது, குண்டுவீச்சில் எரிந்த ஊருக்குரிய பாஸ்க் தரப்பு அதை இரவல் கேட்டது. ஓவியம் தாங்காது என்றது மாட்ரிட். நிபுணர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனா அந்த உண்மை யார் பக்கம் வேலை செய்கிறது? அகதிகளுக்காக அலைந்து பட்ட காயத்தையே காட்டி, செத்தவர்களின் ஊர்ப்பக்கம் அதை விடாமலிருக்க முடிகிறது. 'பாதுகாப்பு' என்கிற சொல்லை இந்தக் கணக்கோடு சேர்த்துத்தான் படிக்கணும்.